வாளும் வாய்மையும்



வாள் என்றவுடன் உங்கள் உள்ளத்தில் போர்க்களமும் குதிரைப் படையும் தோன்றக்கூடும். நான் இன்று பேச எடுத்துக்கொண்டிருப்பது போர் ஓய்ந்த பின்னர் வாளுக்கு நேர்ந்த வரலாறு. ஜப்பான் நாட்டில் பழைய வாள்களை விலை கொடுத்து வாங்குவோரும் விற்போரும் பல நூற்றாண்டுகளாக இருந்து வருகின்றனர். அவர்கள் எதற்கு விலை கொடுக்கிறார்கள்? எதனை நம்பி வாங்குகிறார்கள்? அந்த நம்பிக்கை பொய்த்தால் என்ன நேர்கிறது? இம்மூன்று வினாக்களுக்கும் விடை காண முயல்வோம்.

நான் ஓய்வு பெற்ற பின்னர், தோக்கியோ நகரில் பொறியாளராகப் பணியாற்றும் என் பழைய மாணவர் ஒருவரின் அழைப்பை ஏற்று அங்குச் சென்றிருந்தேன். வரலாற்றில் எனக்குள்ள ஆர்வத்தை அறிந்த அவர் ஒரு நாள் என்னைப் பழைய வாள்கள் விற்கும் கடை ஒன்றுக்கு அழைத்துச் சென்றார். கடைக்காரர் என்னிலும் மூத்தவர். அவர் ஒரு வாளை இரு கைகளாலும் ஏந்தி, தலை தாழ்த்தி வணங்கிவிட்டு, மெல்ல உறையினின்றும் உருவினார். நான் என் வழக்கப்படி உடனே ஒரு கேள்வியைத் தொடங்கினேன். மாணவர் என் கையை மெல்லத் தொட்டு, “ஐயா, வாளைப் பார்க்கும்போது பேசுதல் கூடாதாம். மூச்சின் ஈரம் எஃகில் படுமாம்” என்றார். முப்பத்தைந்து ஆண்டுகள் பிறரைப் பேசாதிருக்கச் சொன்ன நான், அன்று என் மாணவர் சொல்லக் கேட்டு வாய் மூடினேன்.

அலகு கண்ணாடிபோல் ஒளிர்ந்தது. பின்னர்க் கடைக்காரர் ஒரு சிறு மூங்கில் ஆணியைத் தட்டி எடுத்துக் கைப்பிடியைக் கழற்றினார். பிடிக்குள் மறைந்திருந்த அடிப்பகுதி வெளிப்பட்டது. அதனை அடித்தண்டு என்று வைத்துக்கொள்வோம். அது கருத்துத் துருவேறிக் கிடந்தது. வாள் உறைக்குள் சென்ற பின்னர், “மேலே இவ்வளவு துலக்கியவர்கள் இதனை ஏன் தேய்க்காமல் விட்டார்கள்?” என்று கேட்டேன். மாணவர் மொழிபெயர்த்துச் சொன்னார். கடைக்காரர் புன்முறுவல் செய்தார். “இதனைத் தேய்த்தால் வாளின் வயது போய்விடும்” என்பது அவர் கூறிய விடை.

அவ்விடை என்னைச் சுட்டது. அதற்குக் காரணம் உண்டு.

நான் இளமையில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் வரலாறு கற்பித்துக்கொண்டிருந்தேன். ஆண்டு விழாவுக்காக ஒரு சிறு கண்காட்சி வைக்க எண்ணி, வீட்டில் பழங்காசுகள் இருந்தால் கொண்டு வருமாறு மாணவர்களிடம் சொன்னேன். இருபது செப்புக் காசுகள் வரையில் சேர்ந்தன. எல்லாம் களிம்பேறி இருந்தன. புளியும் சாம்பலும் இட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்குமாறு நானே பணித்தேன். ஒரு பையன் மட்டும் தன் காசைத் தேய்க்கவில்லை. “பாட்டி கொடுத்தது, ஐயா. தேய்க்க மனம் வரவில்லை” என்றான். சோம்பலுக்குச் சாக்குச் சொல்கிறான் என்று கருதி அவனைக் கடிந்துகொண்டேன். விழாவுக்கு வந்திருந்த கல்வெட்டறிஞர் ஒருவர் காசுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். பளபளத்த காசுகளை எல்லாம் கீழே வைத்துவிட்டு, அந்தப் பையனின் காசை மட்டும் சாளரத்தருகே கொண்டு சென்று படித்தார். “மற்றவற்றில் எழுத்து தேய்ந்துபோய்விட்டதே” என்று மெல்லச் சொன்னார். இதனைப் பின்னர் மீண்டும் பேசுவோம். இப்போது வாளுக்கு வருவோம்.

ஜப்பானியக் கொல்லன் வாள் செய்யும் முறையைச் சற்று அறிந்தால்தான் வாங்குவோர் எதனைத் தேடுகின்றனர் என்பது விளங்கும். அந்நாட்டின் மேற்குப் பகுதியில், இசுமோ என்று பழங்காலத்தில் வழங்கிய நிலத்தில், இரும்பு மணல் கிடைக்கிறது. அதனையும் மரக்கரியையும் களிமண் உலையில் மாறி மாறி இட்டு, மூன்று பகல் மூன்று இரவு ஊதி உருக்குவர். அவ்வுலைக்குத் தத்தரா என்று பெயர். அதிலிருந்து கிடைக்கும் சிறந்த எஃகே தமகானே. கொல்லன் அதனை அடித்து நீட்டி, மடித்து, மீண்டும் அடிக்கிறான். பலமுறை மடிப்பதனால் மரத்தின் வரிகளைப் போன்ற நுண்ணிய வரிகள் எஃகின் மேல் உண்டாகின்றன.

வாள் உருப்பெற்றதும் அதன் மேல் மண் கலவை பூசுவர். முதுகுப் புறத்தில் தடிப்பாகவும் கூர்ப் புறத்தில் மெல்லியதாகவும் பூசி, தீயில் காய்ச்சி, நீரில் தோய்ப்பர். மண் மெல்லியதாயுள்ள கூர்ப்புறம் விரைந்து குளிர்ந்து வன்மை பெறும். முதுகு மெல்லக் குளிர்ந்து முறியாத தன்மை பெறும். இவ்விரண்டும் கூடும் எல்லையில் வெண்மையான அலைபோன்ற கோலம் ஒன்று தோன்றும். அதனை ஹமோன் என்பர். ஒவ்வோர் ஊருக்கும் கொல்லர் மரபுக்கும் ஒவ்வொரு வகைக் கோலம் உண்டு. யமாதோ, யமாஷிரோ, பிஜென், சகாமி, மினோ என்னும் ஐந்து நாடுகளின் மரபுகளை வாள் அறிஞர்கள் தலைமையாகக் கருதுவர். இறுதியில் கொல்லன் அடித்தண்டின் மேல் தன் பெயரையும் ஊரையும், சில வேளைகளில் ஆண்டையும் மாதத்தையும் உளியால் பொறிக்கிறான்.

பெயர் பொறித்திருக்கும்போது வாங்குவதற்கு என்ன தடை என்று நீங்கள் கேட்கலாம். அங்கேதான் இடர் தொடங்குகிறது. புகழ் பெற்ற கொல்லனின் பெயர் விலையைப் பன்மடங்கு உயர்த்தும். ஆதலின் பொய்ப் பெயர் பொறிக்கும் ஆசையும் பிறந்தது. பதினேழாம் நூற்றாண்டில் எதோ நகரில், அதாவது இன்றைய தோக்கியோவில், கொத்தெத்சு என்னும் கொல்லர் வாழ்ந்தார். முதலில் போர்க்கவசம் செய்தவர். பின்னர் வாள் செய்யத் தொடங்கிப் பெரும்புகழ் எய்தினார். அப்புகழே அவர் பெயருக்குப் பகையாயிற்று. அவர் பெயர் தாங்கிய வாளைக் கண்டால் முதலில் ஐயுறுவதே இன்று சேகரிப்போரின் வழக்கம். அத்துணைப் போலிகள் உலவுகின்றன.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. பதின்மூன்று, பதினான்காம் நூற்றாண்டுகளில் குதிரை வீரர்களுக்காகச் செய்த நீண்ட வாள்களைப் பிற்காலத்தவர் தங்கள் போர் முறைக்கு ஏற்ப அடியில் வெட்டிக் குறைத்தனர். அப்போது பெயரும் வெட்டுண்டு போயிற்று. ஆகவே பெயருள்ள வாள் பொய்யாகவும், பெயரற்ற வாள் பேராசான் ஒருவரின் மெய்யான படைப்பாகவும் இருத்தல் கூடும். இதனால் அறிந்த வாங்குநர் பெயரை முதலில் பார்ப்பதில்லை. வளைவைப் பார்க்கிறார், எஃகின் வரியைப் பார்க்கிறார், கோலத்தைப் பார்க்கிறார். இவை எந்தக் காலம், எந்த மரபு என்று தம் மனத்துள் ஒரு முடிவுக்கு வந்த பின்னரே அடித்தண்டைப் பார்க்கிறார். அங்குள்ள துருவின் நிறமும், அரத்தின் கீற்றுகளும், எழுத்தின் போக்கும் அம்முடிவோடு ஒத்து வர வேண்டும். நானூறு ஆண்டுத் துருவை நான்கு நாளில் உண்டாக்க முயல்வோரும் உண்டு. ஆயினும் பழகிய கண்ணுக்கு வேறுபாடு தெரிந்துவிடும். துருவைத் தேய்த்துவிட்டாலோ சான்று அழிந்துவிடும்.

இக்கண்ணைப் பழக்குவதற்கு அவர்கள் ஓர் அரிய பயிற்சி வைத்திருக்கிறார்கள். அடித்தண்டை மூடி மறைத்துவிட்டுச் சில வாள்களை வைப்பார்கள். வந்தவர்கள் ஒவ்வொன்றையும் பார்த்துச் செய்தவரின் பெயரைச் சீட்டில் எழுதி நடுவரிடம் கொடுப்பார்கள். ஏலத்தில் விலை கேட்டு எழுதிக் கொடுக்கும் சீட்டுக்கு எப்பெயரோ, இதற்கும் அப்பெயரே. நடுவர் சரி என்றோ தவறு என்றோ குறிப்பார். வேறு பெயர் எழுதியிருந்தாலும் மரபு சரியாயின் அதனையும் தெரிவிப்பார். தவறியவர் மீண்டும் எழுதலாம். என் தேர்வுகளும் இவ்வாறு அமைந்திருந்தால் எத்துணை நன்றாக இருந்திருக்கும் என்று எண்ணினேன்.

எல்லோருக்கும் இக்கண் வாய்ப்பதில்லை. ஆகவே வாங்குவோருக்காகப் பார்த்துச் சொல்லும் குடும்பம் ஒன்று தோன்றியது. ஹொனாமி என்னும் அக்குடும்பத்தார் வாளுக்கு மெருகிடுவதிலும் மதிப்பிடுவதிலும் வல்லவர்கள். தோகுகாவா குடும்பத் தலைவர்கள் நாட்டை ஆண்ட காலத்தில், செய்தவர் பெயரையும் பொன்னில் மதிப்பையும் எழுதி, மடித்த தாளாக இவர்கள் வழங்கினர். மடித்த தாளுக்கு ஜப்பானிய மொழியில் ஒரிகாமி என்று பெயர். காகிதம் மடித்துப் பொம்மை செய்யும் கலையாக நீங்கள் அறிந்த சொல்லே இது. ஐயத்துக்கு இடமில்லாத தகுதியை ‘ஒரிகாமி உடையது’ என்று கூறும் வழக்கு அம்மொழியில் இன்றும் உளது. ஒரு குடும்பத்தின் வாய்மை ஒரு மொழிக்கே சொல் வழங்கியது எனலாம். 1719-ஆம் ஆண்டில், ஆட்சித் தலைவர் யோஷிமுனேயின் ஆணைப்படி, நாட்டின் புகழ் வாய்ந்த வாள்களின் பட்டியல் ஒன்றையும் இக்குடும்பத்தார் தொகுத்தளித்தனர். ஆயினும் வாய்மையும் பேணாவிடில் தேயும். பிற்காலத் தலைமுறையினர் எழுதிய தாள்களை இன்றைய அறிஞர்கள் முன்னோர் தாள்களுக்கு நிகராக நம்புவதில்லை.

இனி, வாள்களுக்கு நேர்ந்த இரு பெரும் இடர்களைக் கூறுவேன். 1876-ஆம் ஆண்டில், படைவீரரும் காவலரும் முதலிய சிலரைத் தவிர மற்றவர் பொது இடங்களில் வாள் அணிதல் கூடாது என்று அரசு சட்டம் செய்தது. வாளேந்திய சாமுராய் வகுப்பார் வாழ்வுக்கு வழியின்றிக் குடும்ப வாள்களை விற்றனர். பல வாள்கள் கடல் கடந்து மேலை நாடுகளுக்குச் சென்றன.

இரண்டாவது இடர் 1945-ஆம் ஆண்டில் வந்தது. போரில் தோற்ற ஜப்பானியர் படைக்கலங்களை எல்லாம் ஒப்படைக்க வேண்டும் என்று நேச நாட்டுப் படை ஆணையிட்டது. பழங்கலை வாளுக்கும் ஆலையில் செய்த படைவீரன் வாளுக்கும் அப்போது வேற்றுமை பார்ப்பார் இலர். எண்ணற்ற வாள்கள் அழிந்தன. பல வாள்கள் வெற்றி பெற்ற வீரர்களின் பெட்டிகளில் ஏறி அயல்நாடு சென்றன. ஹொன்மா ஜுன்ஜி முதலிய அறிஞர்கள் படை அதிகாரிகளிடம் எடுத்துரைத்து, கலைச் சிறப்புள்ளவற்றையேனும் காக்க இசைவு பெற்றனர். தோக்கியோவில் அகபானே என்னுமிடத்தில் குவிந்திருந்த வாள்களுள் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவை இவ்வாறு பிரித்தெடுக்கப்பட்டன. 1948-இல் கலை வாள்களைப் பேணுவதற்கென ஒரு கழகமும் நிறுவப்பட்டது. வாள்களை ஆராய்ந்து சான்றிதழ் வழங்கும் பணியை அக்கழகம் செய்து வருகிறது. 1977-இல் தத்தரா உலையை மீண்டும் மூட்டியதும் அதுவே.

அக்காலத்து நிகழ்ச்சிகளுள் இரண்டினை ஒப்பிட்டுப் பாருங்கள். மசமுனே என்னும் கொல்லர் ஜப்பானிய வாட்கலையின் முதல்வராகப் போற்றப்படுபவர். அவர் செய்ததாகக் கருதப்படும் ‘ஹொன்ஜோ மசமுனே’ என்னும் வாள் தோகுகாவா குடும்பத்தின் குலச்செல்வமாக விளங்கியது. 1945 டிசம்பரில் அக்குடும்பத் தலைவர் சட்டத்துக்குப் பணிந்து, அதனை மற்ற வாள்களோடு மெஜிரோ காவல் நிலையத்தில் ஒப்படைத்தார். அடுத்த மாதம் அது நேச நாட்டுப் படையினன் ஒருவன் கைக்கு மாறியது என்பர். அதன் பின்னர் அதனைக் கண்டவர் இலர்.

மற்றொன்று ககோஷிமாவிலுள்ள தெருகுனி ஆலயத்துக்கு உரிய வாள். குனிமுனே என்னும் பழங்கொல்லர் செய்தது. அதுவும் போருக்குப் பின்னர் மறைந்தது. வால்ட்டர் காம்ப்ட்டன் என்பவர் அமெரிக்காவில் மருந்துத் தொழில் நிறுவனம் ஒன்றின் தலைவர். ஜப்பானிய வாள்களைத் தேடிச் சேர்த்தவர். தம் கைக்கு வந்த வாள் ஒன்றை ஆராய்ந்தபோது, அது தெருகுனி ஆலயத்தின் வாளே என்பது அவருக்குப் புலனாயிற்று. 1963-ஆம் ஆண்டில் விலை ஏதும் பெறாமல் அதனைத் திருப்பி அளித்தார். அவர் விலையின் அருமை அறியாதவர் அல்லர். அவர் மறைந்த பின்னர், 1992-இல், அவருடைய தொகுப்பிலிருந்த வாள்கள் நியூயார்க் நகரில் ஏலம் விடப்பட்டன. விலையறிந்த ஒருவர் விலை பெறாது கொடுத்தார் என்பதே நாம் நினைக்கத் தக்கது.

இன்றைய ஜப்பானில் ஒவ்வொரு வாளுக்கும் பதிவுச் சீட்டு உண்டு. அதனை வழங்குவது அந்தந்த மாவட்டத்தின் கல்விக் குழு! வாள் கைம்மாறினால் புதிய உடைமையாளர் இருபது நாள்களுக்குள் அறிவித்தல் வேண்டும். நாட்டின் செல்வம் எனக் குறிக்கப்பட்டவற்றை விற்பதாயினும் வெளிநாட்டுக்கு அனுப்புதல் இயலாது. மற்றவற்றை அனுப்பவும் அரசின் இசைவு வேண்டும். சட்டம் இவ்வளவே செய்யும். துருவைத் தேய்க்காதே என்றும், பிறர் பொருள் என்று தெரிந்தால் திருப்பிக் கொடு என்றும் சொல்வது சட்டம் அன்று, நெஞ்சம்.

தோக்கியோக் கடையில் அம்முதியவர் வாளை மீண்டும் உறையிலிட்டபோது, “இதற்கு உரியவர் தாங்களோ?” என்று கேட்டேன். “என்னிடம் சில காலம் இருக்கிறது” என்றார். எழுநூறு ஆண்டு வாழும் பொருளுக்கு எழுபது ஆண்டு வாழும் மனிதன் எங்ஙனம் உரியவன் ஆவான்? அவன் காவலன், அவ்வளவே.

மாணவ நண்பர்களே! உங்கள் வீடுகளிலும் ஓலைச்சுவடி இருக்கலாம். செப்புக் காசு இருக்கலாம். பாட்டனாரின் கடிதம் இருக்கலாம். அவற்றின் மேல் படிந்திருக்கும் காலத்தை அழுக்கென்று எண்ணித் துடைத்துவிடாதீர்கள். அறிந்தவரிடம் காட்டுங்கள். எழுதியிருப்பதை உடனே நம்பாமல், மற்றச் சான்றுகளோடு ஒத்து வருகிறதா என்று பாருங்கள். வரலாறு பயில்வதும் வாள் வாங்குவதும் இந்த அளவில் ஒன்றே.

அன்று காசைத் தேய்க்க மறுத்த பையன் யார் என்று கேட்பீர்கள். தோக்கியோவில் என் கையைத் தொட்டு, “பேசுதல் கூடாதாம், ஐயா” என்றவர்தாம் அவர். கடையை விட்டு வெளியே வந்தபின் அவரிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்தார். அக்காசு இன்றும் அவர் வீட்டில் இருக்கிறதாம், களிம்போடு.