பொல்லுக்குள் ஒரு பூட்டு

மழை விட்ட ஒரு ஞாயிறு காலை, நானும் அப்பாவும் கிங்ஸ்பரியிலிருந்து பார்ன் ஹில் குன்றுக்கு நடந்து போனோம். உயரம் வெறும் 86 மீட்டர்தான். மேலே நின்றால் வெம்ப்ளி விளையாட்டரங்கின் வளைவு தெரியும். அப்பாவுக்கு அது பயிற்சி. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது 2,243 மீட்டர் உயரமான சிவனொளிபாதமலையில் ஏறவேண்டும் என்பது அவருடைய ஆசை. முழங்கால் நோவு இருப்பதால், மலிவாக ஒரு சோடி நடைத்தடி வாங்கிக் கொடுத்திருந்தேன்.

இறங்கும்போது ஈரப்புல்லில் பாரத்தைப் போட்டு ஊன்றினார். தடி சர்ரென்று தனக்குள்ளேயே சுருங்கியது. அப்பா பக்கவாட்டில் விழுந்தார். நல்லகாலம், சிராய்ப்போடு போயிற்று. எழும்பித் தடியை என் கையில் தந்தார்.

"எங்கட ஊர்ப் பொல்லு ஒருநாளும் இப்பிடிச் செய்யாது."

பொறியியலில் முதுகலை படித்த எனக்கு வெட்கமாக இருந்தது. அன்றிரவே தடியின் கதையைத் தேடத் தொடங்கினேன்.

அப்பா சொன்னது சரிதான். ஒரே துண்டு மரம் சுருங்காது. கோயம்புத்தூருக்கு அருகே வெள்ளியங்கிரி மலை ஏறுகிறவர்கள் இன்றும் அடிவாரத்தில் மூங்கில் தடி வாங்கித்தான் ஏறுகிறார்கள். சிவனொளிபாதமலையில் வேறு ஒரு துணை இருந்தது. 1344இல் மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா, யாழ்ப்பாணத்து அரசர் ஆரியச்சக்கரவர்த்தியின் உதவியோடு அங்கே போனார். ஏறுகிறவர்கள் பிடித்துக்கொள்வதற்காகப் பாறையில் பொருத்தியிருந்த இரும்புச் சங்கிலிகளைப் பற்றி எழுதியிருக்கிறார். தடியோ சங்கிலியோ, மலை ஏறுகிறவர் தன் உயிரை ஒரு பொருளிடம் ஒப்படைக்கிறார். அது கைவிடக்கூடாது.

"பொல்லு பிடிக்க எனக்கென்ன வயசு போட்டுதே?" என்று அப்பா முதலில் மறுத்திருந்தார். அவருக்கு ஹெர்மன் பூலின் கதையைச் சொன்னேன். 1953 ஜூலை 3ஆம் தேதி, 8,126 மீட்டர் உயரமான நங்க பர்பத் உச்சியை முதன்முதலில், அதுவும் தனியாக, அடைந்தவர் அவர். பனிக்கோடரியை உச்சியிலேயே விட்டுவிட்டு, பனிச்சறுக்குத் தடிகளை ஊன்றித்தான் இறங்கினார். அப்போது அவருக்கு வயது 28.

சரி, தடியை ஏன் நீட்டிச் சுருக்க வேண்டும்? ஏறும்போது கொஞ்சம் குட்டையாகவும் இறங்கும்போது கொஞ்சம் நீளமாகவும் இருந்தால்தான் கை இயல்பாக நிற்கும். ஜெர்மனியில் கார்ல் லென்ஹார்ட் 1948இல் தொடங்கிய லெக்கி நிறுவனம், 1974இல் 'மக்காலு' என்ற நீளம் மாற்றக்கூடிய நடைத்தடியைக் கொண்டுவந்தது. வசதி கூடியது, கூடவே ஒரு புதுக் கேள்வியும் வந்தது. ஒன்றுக்குள் ஒன்று நுழையும் குழாய்களை எது பிடித்து வைத்திருக்கும்?

பழைய வழி, திருகுப் பூட்டு. உட்குழாயின் நுனியில் ஒரு பிளாஸ்டிக் துண்டும் அதன் நடுவே ஒரு திருகாணியும் இருக்கும். குழாயைத் திருகினால் பிளாஸ்டிக் விரிந்து வெளிக்குழாயின் உட்சுவரை அழுத்தும். பிடித்து வைத்திருப்பது வெறும் உராய்வு. அப்பாவின் தடியைக் கழற்றிப் பார்த்தேன்: உள்ளே ஈரமும் சேறும். உராய்வு போய்விட்டது, ஆனால் வெளியிலிருந்து அது தெரியவில்லை.

பின்னால் வந்தது நெம்புப் பூட்டு. வெளியே ஒரு கவ்வி. நெம்பை மடித்தால் அது வெளிக்குழாயை நெரித்து உட்குழாயைப் பிடிக்கும். இதுவும் உராய்வுதான். ஆனால் பூட்டியிருக்கிறதா என்பது கண்ணுக்குத் தெரியும். தளர்ந்தால் பக்கத்திலுள்ள சின்னத் திருகாணியை இறுக்கலாம். குளிரில் கையுறையோடும் பூட்டலாம்.

தம்பி, தங்கைகளே, உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தடி வாங்கப் போனால் இவற்றைக் கவனியுங்கள். கடையிலேயே பூட்டி, மெல்ல மெல்லப் பாரத்தைக் கூட்டி ஊன்றிப் பாருங்கள். குழாயில் போட்டிருக்கும் எல்லைக் கோட்டைத் தாண்டி நீட்டாதீர்கள். சமதரையில் முழங்கை ஏறக்குறைய செங்கோணத்தில் மடிய வேண்டும். நடந்து வந்ததும் கழற்றித் துடைத்துக் காயவிடுங்கள். பூட்டுக்குள் எண்ணெய் மட்டும் விடாதீர்கள்; உராய்வைக் கொல்வது அதுதான்.

அப்பாவுக்கு நெம்புப் பூட்டுத் தடிகள் வாங்கினேன். இப்போது ஒவ்வொரு ஞாயிறும் வாசலிலேயே ஒருமுறை முழுப் பாரத்தோடு ஊன்றிப் பார்த்துவிட்டுத்தான் படி இறங்குகிறார். முதல் நாள் பார்ன் ஹில்லில் இருந்து இறங்கி வந்ததும் கேட்டேன்:

"எப்பிடி அப்பா?"

"பொல்லு பரவாயில்லை. இனி மலைக்கு டிக்கெட்டைப் பார்."