முப்பத்திரண்டு யாண்டில் மறைந்த மூவர்

வாழ்நாளை யாண்டுகளால் அளத்தல் உலக வழக்கு. அளவு ஒன்றாயிருந்தும் அவ்வாழ்வின் பயன் நிலைபெறும் வகை வேறுபடுதலை, 32 யாண்டே வாழ்ந்த மூவர் வரலாறு கொண்டு ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

முதலாமவர் மாசிதோனிய வேந்தர் அலெக்சாந்தர். கி.மு. 356-இல் பிறந்த இவர், 20ஆம் அகவையில் முடிசூடிப் பாரசீகப் பேரரசை வென்றார், கி.மு. 326-இல் சிந்துநதி கடந்து போரஸ் மன்னனோடு பொருதார், கி.மு. 323-இல் பாபிலோன் நகரில் நோயுற்று மாண்டார். மனைவி உரொக்சானாள் அப்போது கருவுற்றிருந்தாள். தந்தை முகங் காணாது பிறந்த மைந்தனும் அவன் தாயும் பின்னர்க் கொலையுண்டனர். எகிப்தைத் தாலமியும் பாபிலோனைச் செலூக்கசும் கைக்கொள்ள, படைத்தலைவர் பலர் பேரரசைக் கூறிட்டனர். ஈட்டியவை மிகப் பலவாயினும், அவற்றை ஒருங்கே காத்தற்கு ஒருவரும் இலராயினர்.

இரண்டாமவர் சங்கராசாரியர். காலடியில் தோன்றி 32ஆம் அகவையில் மறைந்தார் என்பது வழிவழியாக வழங்கும் செய்தி. பிரமசூத்திரத்திற்கும் கீதைக்கும் உபநிடதங்கள் பலவற்றிற்கும் அவர் பாடியம் இயற்றினார். அவர்தம் மாணாக்கருள் பதுமபாதர் பஞ்சபாதிகை என்னும் நூலையும், சுரேசுவரர் பிருகதாரணியக பாடியத்திற்கு வார்த்திகமும் வகுத்தனர். ஆசிரியர் விட்ட இடத்திலிருந்து மாணாக்கர் தொடர்ந்தமையான், அக்கொள்கை இன்றும் பயிலப்படுகின்றது.

மூன்றாமவர் கணிதப் பேரறிஞர் ஸ்ரீநிவாச இராமாநுஜன். 1887-இல் ஈரோட்டிற் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்து, 1912-இல் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராயமர்ந்தவர். 1914-இல் கேம்பிரிட்ஜ் சென்றார். 1918-இல் இராயல் சங்கத்தின் உறுப்பினரானார். நோயுடன் 1919-இல் தாயகம் திரும்பினார். படுக்கையிற் கிடந்தும் எழுதுதலை விடாராய், 1920 ஏப்ரல் 26-இல் சென்னையில் உயிர்நீத்தார்.

அவ்விறுதிக்காலத் தாள்கள் கடல் கடந்து சென்று, வாட்சன் என்னும் கணிதப் பேராசிரியர் இல்லத்திற் சேர்ந்தன. 1965-இல் அவர் இறந்தபின், எரித்தற்கு ஒதுக்கிய காகிதக் குவியலினின்று அவை மீட்கப்பெற்று, 1968-இல் டிரினிடி கல்லூரி நூலகத்தை அடைந்தன. 1976-இல் ஆண்ட்ரூஸ் என்னும் அமெரிக்க அறிஞர் அவற்றைக் கண்டுணர்ந்து உலகிற்கு அறிவித்தார். இரண்டொரு நாள் தாழ்த்திருப்பின், ஒரு மேதையின் கடைசி உழைப்பு சாம்பராயிருக்கும் அன்றோ!

அன்பர்களே, அகவையை நீட்டித்தல் நம் கையிலில்லை. மறைந்தார் உழைப்பைக் காத்தல் நம் கையிலுள்ளது. நம்மவர் மனைகளில் முன்னோர் எழுதிய ஏடுகளும், கணக்குப் புத்தகங்களும், வைத்தியக் குறிப்புக்களும், கடிதங்களும் பரண்மேற் கிடக்கின்றன. வீடு மாறும்பொழுதும் பாகம் பிரிக்கும்பொழுதும் அவை பழங்காகிதமாக எடைக்கு விற்கப்படுதலை யாம் பலகாற் கண்டு வருந்தியுள்ளோம். இளமையில் இறந்தார் பொருள்களைப் பார்க்கவும் மனம் பொறாது உடனே அகற்றிவிடுவாரும் உளர். அவர் துயரம் பெரிது. ஆயினும் அகற்றியது மீளாது.

ஆதலின் அத்தகைய தாள்களைப் படித்தறியாமல் ஒருவரும் கழித்தல் வேண்டா. படிக்க இயலாதவர் கற்றாரிடம் காட்டுக. நம் சங்கத்தாரும் ஓர் அலமாரி ஒதுக்கி, அவற்றைப் பெயரும் ஆண்டும் குறித்துப் பேணுவாராயின், அது நம் குலத்தின் வருங்கால மக்கட்குச் செய்யும் பேருதவியாம்.