பழைய மின்சார மோட்டார் சைக்கிளை வாங்குமுன்

பெட்ரோல் இன்றி ஓடும் இரு சக்கர வண்டி நம் காலத்துப் புதுமை என்றே பலரும் எண்ணுகின்றனர். ஆனால், 1895 டிசம்பர் 31 அன்றே அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தைச் சேர்ந்த ஆக்டன் போல்டன் என்பவர் மின்சார சைக்கிளுக்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். அதன் பின்சக்கர அச்சிலேயே மோட்டார் அமைந்திருந்தது. மின்னழுத்தம் 10 வோல்ட். மின்னோட்டம் 100 ஆம்பியர் வரை. இரண்டையும் பெருக்கினால் 1000 வாட், அதாவது ஏறத்தாழ 1.3 குதிரைத்திறன்.

பின் ஏன் அது பரவவில்லை? மின்கலத்தின் எடையே காரணம். நல்ல காரீய-அமில மின்கலமும் ஒரு கிலோவுக்கு 30 முதல் 40 வாட்-மணி ஆற்றலையே தரும். ஒரு கிலோ பெட்ரோலில் அடங்கியிருப்பதோ சுமார் 12,000 வாட்-மணி!

நூறாண்டுகளுக்குப் பின்னரே நிலைமை மாறியது. நிக்கல்-உலோக ஹைட்ரைடு மின்கலத்துடன் வெக்ட்ரிக்ஸ் ஸ்கூட்டர் வந்தது. அந்நிறுவனம் 2009இல் திவாலானது. அதே ஆண்டில் லிதியம் மின்கலத்துடன் பிராமோ எனெர்ஷியா, ஜீரோ எஸ் ஆகிய மோட்டார் சைக்கிள்கள் விற்பனைக்கு வந்தன. 2015இல் பிராமோவின் மோட்டார் சைக்கிள் தொழில் போலாரிஸ் நிறுவனத்தின் கைக்கு மாறியது.

இத்தகைய பழைய வண்டி ஒன்று மலிவாகக் கிடைத்தால் எதைப் பார்ப்பீர்கள்? ஓடிய தூரத்தை மட்டும் பார்த்தால் போதாது. மின்கலம் சும்மா நின்றாலும் மூப்படையும். அதன் உள்மின்தடை உயர்வதே மூப்பின் அடையாளம்.

ஓர் எடுத்துக்காட்டு. வண்டி நிற்கும்போது மின்கல அடுக்கு 72 வோல்ட் காட்டுகிறது. 100 ஆம்பியர் இழுக்கும்போது 66 வோல்ட்டாகக் குறைகிறது எனக் கொள்வோம். உள்மின்தடை 0.06 ஓம், வீணாகும் வெப்பம் 600 வாட். அதுவே 60 வோல்ட்டுக்கு இறங்கினால் இழப்பு 1200 வாட். ஆகவே, முழு மின்னேற்றம் செய்த வண்டியை மேட்டில் ஓட்டி, வோல்ட் அளவு எவ்வளவு சரிகிறது என்று கவனியுங்கள். மின்கலங்கள் தொடராக இணைந்திருப்பதால், ஒன்று நலிந்தாலும் முழு அடுக்கும் முடங்கும். எனவே ஒவ்வொன்றின் அழுத்தத்தையும் தனித்தனியே அளக்கச் சொல்லுங்கள்.

தொடக்ககால ஜீரோ எஸ் போன்றவற்றின் மோட்டாரில் கார்பன் பிரஷ்கள் உண்டு, அவை தேயும். வண்டிக்குரிய சார்ஜரும் உடன் வருகிறதா எனக் கேளுங்கள். தயாரித்த நிறுவனமே மறைந்துவிட்டால் உதிரிப் பாகம் கிடைப்பது அரிது.

புதிய மின்கல அடுக்கின் விலையையும் சேர்த்துக் கணக்கிட்ட பிறகும் வண்டி மலிவாகத் தோன்றினால், தயங்காமல் வாங்கலாம்.