ஆக்ட் பாலிசியும் அய்யனார் கோவிலில் போன காரும்

ராஜபாளையத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருக்கிறது நீர்காத்த அய்யனார் கோவில். ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை பாதி ஊர் அங்கேதான் இருக்கும். 1987-ல் அப்படி ஒரு ஞாயிறு, எங்கள் தெரு அண்ணாச்சி ஒருவர் மாந்தோப்பு ஓரமாகத் தன் பத்மினி காரை நிறுத்திவிட்டுக் குளிக்கப் போனார். சாவி, கழற்றிப்போட்ட சட்டையோடு பாறை மேல். கரையேறி வந்தால் சட்டை இருக்கிறது. சாவி இல்லை, காரும் இல்லை. காவல் தெய்வத்தின் வாசலிலேயே களவு போனதே என்று வெகுநாள் பேசினார்கள்.

நான் அப்போது ஒரு இன்சூரன்ஸ் ஆபீசில் கிளார்க். அவருக்குப் பாலிசி போட்டுக் கொடுத்ததே நான்தான். பிரீமியம் குறைவாக இருக்கட்டும் என்று "ஆக்ட் பாலிசி" போதும் என்றேன். 1939-ம் வருட மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கியது அதை மட்டும்தான். 1946-லிருந்து நடைமுறைக்கு வந்த அந்த விதி, நம் வண்டி மோதி அடிபட்டவருக்கு நஷ்டஈடு கிடைக்க வேண்டும் என்பதற்காக. நம் வண்டி காணாமல் போனால் அதில் ஒரு பைசா வராது.

மறுநாள் ஆர்.சி. புக்கோடு வந்தார். விஷயத்தைச் சொன்னேன். கோபப்படவில்லை. "அப்ப வருஷா வருஷம் நான் கட்டினது எதுக்கு தம்பி?" என்று மட்டும் கேட்டார். மனைவியின் நகையை விற்று வாங்கிய கார் அது. சட்டப் பிரிவு எனக்கு மனப்பாடம். சொல்ல வாய் வரவில்லை. வண்டி கடைசிவரை கிடைக்கவில்லை.

முழு பாலிசி போட்டவர்கள் பாடும் அன்றைக்குச் சுலபமில்லை. வண்டியின் மதிப்பை உரிமையாளர் தன் கணக்கில் எழுதுவார், அதற்குத்தான் பிரீமியம் கட்டுவார். களவு போன பிறகு கம்பெனி "மார்க்கெட் விலை இவ்வளவுதான்" என்று குறைக்கும். போலீசில் நான் டிரேசபிள் சர்டிபிகேட் வாங்க அலைவது தனிக்கதை. 2002-ல் புது டாரிப் வந்தபோதுதான் ஐ.டி.வி. என்று மதிப்பை முன்கூட்டியே முடிவு செய்தார்கள். வண்டிக்கு ஒரு வயது தாண்டினால் 20 சதவீதம் கழிவு, நாலு தாண்டினால் 50 சதவீதம். திருடு போனால் அதுதான் தொகை. எத்தனையோ சண்டைகள் இதனால் நின்றன.

ஆனால் அந்த டாரிப்பில் ஒரு வேடிக்கை. சென்னை, மும்பை போன்ற எட்டு பெரிய நகரங்கள் ஒரு மண்டலம், ராஜபாளையம் உள்பட மற்றதெல்லாம் இன்னொன்று. 1000 முதல் 1500 சி.சி. வரையுள்ள புதுக் காருக்கு அங்கே 3.283 சதவீதம், இங்கே 3.191. லட்சத்துக்கு 92 ரூபாய்தான் வித்தியாசம்! ஷெட்டில் பூட்டி வைப்பவரும் தெருவில் விடுபவரும் கட்டியது ஒன்றே. புனே ஏ.ஆர்.ஏ.ஐ. ஒப்புதல் பெற்ற திருட்டுத் தடுப்புக் கருவி மாட்டினால் இரண்டரை சதவீதம் தள்ளுபடி, அதுவும் 500 ரூபாய்க்கு மேல் கிடையாது. கருவியின் விலையை நினைத்து யாரும் மாட்டவில்லை. ஐரோப்பாவில் 1998 முதல் புதுக் கார்களில் இம்மொபிலைசரைக் கட்டாயமாக்கினார்கள். சரியான சாவி இல்லாமல் எஞ்சின் ஓடாது. ஒயரை இணைத்து ஓட்டிப்போகும் பழைய வித்தை அதில் பலிக்காது. அண்ணாச்சி மாதிரி சாவியைப் பாறையில் வைத்தால் அந்தக் கருவியும் என்ன செய்யும்!

2007 ஜனவரி முதல் முழு பாலிசியின் ரேட்டைக் கம்பெனிகளே வைத்துக்கொள்ளலாம் என்றானது. திருட்டு கிளெய்ம் வாங்கினால் பல வருடம் சேர்த்த நோ கிளெய்ம் போனஸ் போய்விடும் என்பது மட்டும் மாறவில்லை. அது 50 சதவீதம் வரை இருக்கும். கம்பெனிக்காரர்கள் இரண்டு சாவியையும் கேட்பார்கள். ஒன்றைத் தொலைத்திருந்தால் அதற்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். எஃப்.ஐ.ஆர். உடனே போட்டிருந்தால், கம்பெனிக்குத் தாமதமாகத் தெரிவித்ததை மட்டும் காரணமாக்கி மறுக்கக்கூடாது என்று 2020 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் சொன்னது பெரிய நிம்மதி.

போன மாதம் மகன் போனில், "வண்டி பழசாயிருச்சுப்பா, தேர்டு பார்ட்டி மட்டும் போதுமா?" என்றான். திருட்டுக்கும் சேர்த்தே போடு, இரண்டு சாவியும் இருக்கிறதா பார் என்றேன். ஏன் என்று கேட்டான். அண்ணாச்சி கதையை அவனுக்கு நான் சொன்னதே இல்லை, அன்றைக்குத்தான் சொன்னேன்.