பெயருக்குள் ஒரு கொடிவழி

சென்ற வாரம், ஜேர்மனியப் புரட்டஸ்தாந்தரான மொறேவியன் சபையார் தரங்கம்பாடியில் போட்ட தோட்டத்தோடு நிறுத்தியிருந்தோம். 1760இல் வந்திறங்கிய அந்தச் சகோதரர்கள் 1803இல் மூட்டை கட்டிவிட்டார்கள். அதற்கு முன்பே, 1740 அளவில், அதே சபையைச் சேர்ந்த இருவர் இலங்கைக்கும் வந்து, ஒல்லாந்தரோடு ஒத்துப்போகாமல் திரும்பியிருந்தார்கள்.

இப்படி வந்தும் நிலைக்காமல் போனவர்களைப் பற்றி இவ்வளவு விவரம் எப்படிக் கிடைக்கிறது? அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. தான் யார் வீட்டுப் பிள்ளை, எந்த ஊரில் பிறந்தது, எப்படி விசுவாசத்துக்கு வந்தது என்று ஒவ்வொருவரும் தம் வாழ்க்கையை எழுதிவைப்பார்கள். அடக்கத்தின்போது அதை எல்லோர் முன்னிலையிலும் வாசிப்பார்கள். ஜேர்மனியின் ஹெர்ன்ஹூட் ஊரில் அத்தகைய ஏடுகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஒரு போதகரின் தாய்வழி, தந்தைவழி இரண்டையும் அங்கே எடுத்துவிடலாம்.

நம் யாழ்ப்பாணத் தீவகத்துக் குருமாருக்கு அப்படியொரு வழக்கம் இருக்கவில்லை. அவர்களுடைய குடும்பக் கதையை அவர்களின் பெயரில்தான் தேட வேண்டும்.

பெயருக்குள் வரலாறு ஒளிந்திருக்கும் என்பதற்குத் தீவுகளே சாட்சி. போர்த்துக்கேயர் யானை ஏற்றிய துறையை ‘கைஸ்’ என்றார்கள். போர்த்துக்கேய மொழியில் அதற்குப் படகுத்துறை என்று பொருள். நம் ஊர்காவற்றுறைக்கு அதுவே கயிற்ஸ் என்ற பெயராயிற்று. ஒல்லாந்தர் வந்ததும் தங்கள் நாட்டு ஊர்களையே இங்கே இறக்கிவிட்டார்கள்: வேலணை லெய்டன், காரைதீவு அம்ஸ்டர்டாம், நயினாதீவு ஹார்லெம், புங்குடுதீவு மிடில்பேர்க், நெடுந்தீவு டெல்வ்ற். மற்றவை பழைய வரைபடங்களோடு போயின. டெல்வ்ற் மட்டும் ஆங்கிலத்தில் ஒட்டிக்கொண்டது. ஆனால் குறிகட்டுவானில் வள்ளத்துக்குக் காத்து நிற்பவரிடம் எங்கே போகிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள், நெடுந்தீவுக்கு என்றுதான் சொல்வார்.

ஊருக்கு நடந்ததுதான் ஆளுக்கும் நடந்தது. ஊர்காவற்றுறைக் கரம்பனில் 1913 ஆகஸ்ட் 2ஆம் திகதி ஓர் ஆண் குழந்தை பிறந்தது. தாய் சிசிலியா இராசம்மா, வஸ்தியாம்பிள்ளை குடும்பம். செபஸ்தியார் போர்த்துக்கேய வாயில் ‘பஸ்தியாம்’ ஆகி, நம்மவர் வாயில் ஒரு ‘பிள்ளை’யையும் சேர்த்துக்கொண்ட பெயர் அது. தந்தைவழி நெடுந்தீவு. தந்தையின் பெயர் நாகநாதன் கணபதிப்பிள்ளை, ஹென்றி ஸ்தனிஸ்லாஸ் என்றும் அழைப்பார்கள். ஒரே மனிதரிடம் பிள்ளையாரும் போலந்து நாட்டுப் புனிதர் ஒருவரும் சேர்ந்திருந்தார்கள். பிள்ளைக்கு வைத்த பெயர் சேவியர் நிக்கலஸ் ஸ்தனிஸ்லாஸ்.

பையன் ஊர்காவற்றுறை புனித அந்தோனியார் கல்லூரியிலும், பிறகு யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியிலும் படித்தான். கொழும்புக் குருமடத்தில் மெய்யியல், ரோமாபுரியில் இறையியல். 1938இல் குருப்பட்டம் பெற்றார். அவருடைய கலாநிதிப் பட்ட ஆய்வு, பழைய கார்த்தேஜ் நகரத்துக் குருமாரைப் பற்றியது. இதுவரையிலான இந்த வரலாற்றில் தமிழுக்கு இடமே இல்லை. திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்துக்கு ஆசிரியராகப் போனபோதுதான் ஒரு பண்டிதரிடம் உட்கார்ந்து தமிழை முறையாகக் கற்றார். 1945இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து சங்க இலக்கியத்தில் இறங்கினார்.

நாம் தனிநாயகம் அடிகள் என்று அழைப்பது இவரைத்தான்.

‘தனிநாயகம்’ எங்கிருந்து வந்தது? ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலையைத் திறந்தால், தமிழகத்திலிருந்து வந்து ஒவ்வோர் ஊரிலும் குடியேறிய தலைவர்களின் வரிசை வரும். அதில் நெடுந்தீவுக்கு உரியவர் தனிநாயகன். தந்தைவழி மூதாதையாக நெடுந்தீவார் போற்றும் அந்தப் பெயரைத்தான் கத்தோலிக்கக் குருவானவர் எடுத்து அணிந்துகொண்டார்.

அவருடைய ஆங்கில நூல்களில் பெயர் எப்படி அச்சாகியிருக்கிறது என்று பாருங்கள்: சேவியர் எஸ். தனிநாயகம். முதலில் நிற்பவர், முத்துக்குளித்துறையில் கால்நடையாக அலைந்து மறைபரப்பிய சவேரியார். நடுவில் ஓர் எழுத்துக்குள் தந்தை ஸ்தனிஸ்லாஸ். முடிவில், கோவாவிலிருந்து ஒரு குருவும் யாழ்ப்பாணம் வராத காலத்து நெடுந்தீவுத் தலைவர். மதம் மாறினால் வேர் அறுந்துவிடும் என்று சொல்வோருக்கு இந்த ஒரு வரியைக் காட்டலாம். அவர் எதையும் கழற்றிப் போடவில்லை. பழையதை எடுத்துச் சேர்த்துக்கொண்டார்.

துறவிக்குச் சந்ததி கிடையாது. அந்தப் பெயரை ஏந்திப் போக மகன் இல்லை. அச்சுத்தான் ஏந்திப் போயிற்று. 1952இல் தொடங்கிய ‘தமிழ் கல்ச்சர்’ இதழில் அது ஆசிரியர் பெயராக நின்றது. 1964 ஜனவரியில் புதுதில்லியில் உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றம் உருவானபோது அதை முன்னின்று அமைத்தவர்களில் அந்தப் பெயரும் இருந்தது. 1966இல் கோலாலம்பூரில் முதன்முதலாகக் கூடிய அந்த மன்றத்தின் மாநாடு சென்னை, பாரிஸ் என்று சுற்றி, 1974இல் யாழ்ப்பாணத்துக்கே வந்தது. 1980 செப்டம்பர் 1ஆம் திகதி அடிகள் கண்மூடினார்.

மொறேவியன் போதகரின் கொடிவழியை அறிய ஹெர்ன்ஹூட்டுக்கு ஒரு கடிதம் போட வேண்டும். அடிகளாருடையதைப் படிக்க நூலகத்தில் ஒரு புத்தகத்தின் அட்டையைப் பார்த்தால் போதும்.

(அடுத்த வாரம்: 1554இல் லிஸ்பனில் அச்சேறிய தமிழ்ப் புத்தகம்)