அறை சேர்க்கும் சத்தம்: வீட்டுக் கலையகத்தில் ஒலித்திருத்த மென்பொருள்

காங்கேசன்துறையில் எங்கள் வீட்டின் பின்னறைதான் எனது கலையகம். பத்துக்குப் பன்னிரண்டு அடி, உயரமும் பத்தடி. சீமெந்துக் கல், சீமெந்துப் பூச்சு, தரைக்கும் சீமெந்து. 1990இல் இடம்பெயர்ந்து, காணி விடுபட்ட பின் திரும்பிவந்தவர்கள் வலிகாமம் வடக்கில் கட்டிய வீடுகள் பலவும் இப்படித்தான். சீமெந்துத் தொழிற்சாலை இருந்த ஊரில் வேறு எதை எதிர்பார்ப்பது?

இந்த அறையில் வயதான தவில் கலைஞர் ஒருவரின் செவ்வியையும் வாசிப்பையும் தொகுத்தேன். தவிலின் தொப்பிப் பக்கம் மிகையாகக் குமுறுவதாகப் பட்டது. கீழ்ச்சுரங்களை நன்றாகக் குறைத்து அனுப்பிவிட்டேன். வெளியான பிறகு நண்பரின் காரில் கேட்டால் தொப்பியையே காணோம். தகர டப்பாவில் தட்டியது போல இருந்தது. குமுறியது தவில் அல்ல, என் அறை.

காரணம் எளிய கணக்கு. எங்கள் வெப்பநிலையில் ஒலி செக்கனுக்குச் சுமார் 349 மீற்றர் ஓடும். ஓர் ஒலியலையின் பாதி நீளம் எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடைப்பட்ட தூரத்துக்குச் சமமானால் அந்தச் சுரம் அறைக்குள் தங்கி வீங்கும். பன்னிரண்டு அடிக்கு அது சுமார் 48 ஹேர்ட்ஸ், பத்தடிக்கு 57. இவற்றின் மடங்குகளான 95, 114 ஹேர்ட்ஸிலும் இதே கதை. என் அறையின் அகலமும் உயரமும் ஒன்றாகையால் 57உம் 114உம் இரட்டிப்பாக வீங்குகின்றன. புதிதாகக் கட்டுபவர்கள் முடிந்தால் மூன்று அளவுகளையும் வேறு வேறாக வையுங்கள்.

இதைச் சீர்செய்யவே அறைத் திருத்த மென்பொருள்கள் வந்தன. லத்வியாவின் சொனார்வேர்க்ஸ், சுவீடனின் டிராக், இத்தாலியின் ஐகே மல்டிமீடியா வெளியிடும் ஆர்க் என்பன பரவலானவை. பின்லாந்தின் ஜெனெலெக் தனது சில மொனிட்டர்களுக்குள்ளேயே திருத்தத்தைப் பதிந்துவிடுகிறது. பணம் இல்லாதவர்களுக்கு 'ரூம் ஈக்கியூ விசார்ட்' இலவசம். அதில் அளந்து கிடைக்கும் வடிகட்டிகளை, விண்டோஸ் கணினியில் 'ஈக்குவலைசர் ஏபிஓ' என்ற இன்னோர் இலவச மென்பொருளில் ஏற்றலாம். நான் செய்தது அதுதான்.

செலவு மைக்குக்குத்தான். பாடவும் பேசவும் பயன்படும் மைக்குக்குத் தனக்கென்று ஒரு நிறம் உண்டு. அதை வைத்து அளந்தால் மைக்கின் குறையையும் அறையின் தலையில் கட்டிவிடுவோம். அளவீட்டு மைக் வேண்டும். மினிடிஎஸ்பியின் யூமிக்-1 போன்றவற்றுக்கு ஒவ்வொரு மைக்குக்கும் தனித்தனித் திருத்தக் கோப்பு கிடைக்கும். ஒருவர் வாங்கி நாலைந்து பேர் மாறி மாறிப் பாவிக்கலாம், தினமும் தேவைப்படும் சாமான் இல்லை. மின்விசிறியை நிறுத்தி, கோயில் ஒலிபெருக்கி ஓய்ந்த நேரத்தில், காது இருக்கும் உயரத்தில் மைக்கை வைத்து அளக்க வேண்டும். ஓரிடத்தில் மட்டும் அளந்தால் தலையைச் சற்று அசைத்ததும் திருத்தம் பிழைத்துவிடும். சொனார்வேர்க்ஸ் 37 இடங்களில் அளக்கச் சொல்வது அதனால்தான்.

இனி, மென்பொருளால் முடியாதது. வீங்கிய சுரத்தை அது குறைக்கும். தொலைந்த சுரத்தை அதனால் மீட்க முடியாது. மொனிட்டர் பின்சுவரிலிருந்து இரண்டடி தள்ளியிருந்தால், சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி சுமார் 143 ஹேர்ட்ஸில் நேரொலியை அடித்துவிடும். ஆண் குரலின் கனம் இருக்கும் இடம் அது. அங்கே 10 டெசிபெல் கூட்டினால் அம்பிளிபயர் பத்து மடங்கு வலு கொடுக்க வேண்டும். திரும்பி வரும் ஒலியும் கூடவே ஏறுவதால் பள்ளம் அப்படியே கிடக்கும். மொனிட்டரைச் சுவரோடு நெருக்குவதுதான் மருந்து. அப்போது பள்ளம் மேலே நகரும், கீழ்ச்சுரம் சற்றுக் கூடும். அந்தக் கூடுதலை மென்பொருள் குறைத்துவிடும்.

எதிரொலியும் அதன் கைக்கு எட்டாது. கைதட்டினால் கணகணவென்று கேட்கும் அறைக்குத் தும்பு மெத்தையும் புத்தக அலுமாரியும் தடித்த திரையும்தான் முதலில் வேண்டும். முட்டைத் தட்டுகளை ஒட்டுவதை விட்டுவிடுங்கள், கீழ்ச்சுரங்களுக்கு அவை இருந்தும் ஒன்றுதான் இல்லாமலும் ஒன்றுதான். இவற்றையெல்லாம் செய்துவிட்டு அளந்தபோது என் அறைக்குத் தேவைப்பட்டவை நாலைந்து வடிகட்டிகள் மட்டுமே, எல்லாம் 300 ஹேர்ட்ஸுக்குக் கீழே. அதற்கு மேலே மொனிட்டரைத் தயாரித்தவரை நம்புவது நல்லது என்பது என் எண்ணம்.

ஓர் எச்சரிக்கை. திருத்தத்தைத் தொகுப்பு மென்பொருளின் மாஸ்டர் தடத்தில் போட்டுவிட்டு, நிறுத்தாமல் கோப்பை ஏற்றுமதி செய்தால், உங்கள் அறைக்கான மருந்து கேட்பவர் எல்லாருக்கும் போய்ச் சேரும். முன்னர் ஒரு மென்பொருளின் இலவசச் சோதனைக் காலத்தில் இதையும் செய்திருக்கிறேன். கணினியின் ஒலி வெளியீட்டில் திருத்தத்தை வைத்தால் இந்தத் தவறு நேராது. ஹெட்போனுக்கு மாறும்போது மட்டும் அதை நிறுத்த வேண்டும்.

தவில் தொகுப்பை மூலப்பதிவிலிருந்து மறுபடி செய்தேன். இம்முறை கீழ்ச்சுரத்தில் கைவைக்கவே தேவைப்படவில்லை. கலைஞரின் வீட்டுக்கே கொண்டுபோய்ப் போட்டுக் காட்டினேன். தொப்பி விழுந்த இடத்தில் தலையை ஆட்டிவிட்டு, வலந்தலை கொஞ்சம் கூர்மையாக இருக்கிறது என்றார். அடுத்த நாள் அதையும் பார்த்தேன். அது அறையின் பிழையல்ல, பதிவின்போது மைக்கை வலந்தலைக்கு மிக அருகில் வைத்த என் பிழை.