கதியால்: மயிலிட்டிப் பகுதியின் உயிர்வேலி மரபு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஒரு சமுதாயத்தின் வரலாற்றை எழுத முற்படுவோர் கல்வெட்டுகளையும் செப்பேடுகளையும் அரச ஆவணங்களையும் முதலில் நாடுவது இயல்பே. யாழ்ப்பாணக் குடாநாட்டைப் பொறுத்தவரையில் இவற்றோடு சேர்த்து நோக்கப்பட வேண்டிய சான்று இன்னொன்றும் உண்டு. அது வேலியாகும். குடாநாட்டு வேலி கல்லாலும் மண்ணாலும் எழுப்பப்பட்டதன்று. உயிருள்ள தடிகளை வரிசையாக ஊன்றி, அவை வேர்கொண்டு தழைத்த பின்னர் அவற்றில் கிடுகையோ பனையோலையையோ வரிந்து கட்டி அமைக்கப்படுவது. அவ்வாறு ஊன்றப்படும் தடியைக் கதியால் என்பது அப்பகுதி வழக்கு. மனிதன் வெட்டிப் பேணும் வரையில் மட்டுமே கதியால் வேலியாக நிற்கும். பேணுவார் இல்லாதபோது அது மரமாகிவிடும். ஆதலின் கதியாலின் வரலாறு குடியிருப்பின் வரலாறாகவும் அமைகின்றது. இவ்வுண்மையை மயிலிட்டிப் பகுதியை முன்வைத்து எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிலமும் நீரும்

மயிலிட்டி, குடாநாட்டின் வடகரையில், காங்கேசன்துறைக்கும் பலாலிக்கும் இடையே அமைந்த ஊர். கரையோரத்தில் மீன்பிடித் தொழிலும், சற்று உள்ளே செம்மண் நிலத்தில் தோட்டச் செய்கையும் அவ்வூர் மக்களின் வாழ்வுக்கு ஆதாரமாயின. செம்மண்ணின் கீழே சுண்ணக்கற் பாறை பரந்து கிடக்கின்றது. குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு எதுவும் இல்லை. பெய்யும் மழை சுண்ணக்கல்லின் வெடிப்புகளினூடே கீழிறங்கி நிலத்தடி நீராகத் தேங்க, அதனைக் கிணறு தோண்டிப் பெறுதல் வேண்டும். ஆண்டு மழைவீழ்ச்சி ஏறக்குறைய 1,250 மில்லிமீற்றர் எனினும், அதன் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையான வாடைக்காற்றுக் காலத்திலேயே கிடைக்கின்றது. அதன் பின்னர் நெடிய வரட்சி, காண்டாவன வெயில், சோளகக் காற்றோடு எழும் புழுதி.

துலா மிதித்து இறைத்த ஒவ்வொரு பட்டை நீரும் புகையிலைக்கும் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் உரியது. வேலிக்கென நீர் ஊற்றுதல் எவருக்கும் இயலாத காரியம். எனவே மாரிமழை ஒன்றை மட்டும் நம்பி வேர்விட்டு, எஞ்சிய மாதங்களில் தானே தன்னைக் காத்துக்கொள்ளும் தாவரமே வேலிக்கு ஏற்றதாயிற்று. பூவரசு, கிளுவை, முள்முருக்கு ஆகிய மூன்றும் இத்தகுதி பெற்றவை. இவற்றுள் உப்புக்காற்றையும் வரட்சியையும் ஒருங்கே தாங்கி, ஆண்டின் பெரும்பகுதியும் பூத்து நிற்கும் சிறப்பினால் பூவரசு கரையோர ஊர்களுக்கு மிகவும் பொருத்தமானதாக விளங்கியது.

சொல்லும் மரபும்

வேலி என்னும் எண்ணம் தமிழர் வாழ்வில் ஆழ வேரூன்றியது. சோழநாட்டில் வேலி என்னும் சொல் நில அளவையின் பெயராகவே நிலைபெற்று, இருபது மா கொண்ட பரப்பைக் குறித்தது. காவலைக் குறித்த சொல், காக்கப்பட்ட நிலத்தையே குறிக்கலாயிற்று எனலாம். புறத்திணைப் பாகுபாட்டில் மதில் காக்கும் ஒழுக்கத்துக்கு நொச்சி என்னும் செடியின் பெயரே சூட்டப்பட்டமையும் நோக்கற்பாலது. அந்நொச்சி தமிழகத்துச் சிற்றூர்களில் இன்றும் வேலிச் செடியாக வளர்க்கப்படுகின்றது. காவலையும் செடியையும் இணைத்து நோக்கும் மரபு பழமையானது என்பதற்கு இவை சான்றாகும்.

பூவரசின் புகழோ தமிழகத்தோடும் ஈழத்தோடும் அமைவதன்று. பருத்திக் குடும்பத்தைச் சேர்ந்த இம்மரம் இந்து சமுத்திரக் கரைகளிலிருந்து பசிபிக் தீவுகள் வரை பரந்து காணப்படுகின்றது. இதன் காய்கள் கடல்நீரில் மிதந்து நெடுந்தூரம் செல்லவல்லவை. 1753இல் லின்னேயஸ் இதனைச் செம்பரத்தை இனத்தோடு சேர்த்து வகைப்படுத்தினார். கப்டன் குக்கின் முதற் கடற்பயணத்தில், 1769இல் தாகித்தித் தீவை அடைந்த தாவரவியலாளர் சொலாண்டர், அங்கு வழிபாட்டிடங்களில் இம்மரம் புனிதமாகப் போற்றப்பட்டதைக் கண்டார். தெய்விகமானது என்னும் பொருள்பட அவர் இட்ட 'தெஸ்பீசியா' என்ற பெயர் 1807இல் கொரேயா என்பவரால் வெளியிடப்பட்டு இன்றுவரை வழங்குகின்றது. மஞ்சளாக மலர்ந்து, வாடும்போது செந்நிறம் பெறும் அதன் பூவைக் கண்ட ஆங்கிலேயர், இலங்கையில் அதனை ருலிப் மரம் என அழைத்தனர். சிங்கள மக்கள் சூரிய என்பர். பூக்களுக்கு அரசு என்று பொருள் கொள்ளத்தக்க பெயரைத் தமிழர் வழங்கினர். இலை அரசிலையை ஒத்திருப்பதனால் இப்பெயர் அமைந்ததெனக் கொள்வாரும் உளர்.

பிற நாடுகளில் தெய்வ மரமாகவும் சாலையோர அழகு மரமாகவும் வளர்க்கப்பட்ட பூவரசை, யாழ்ப்பாணத்தார் வேலியில் நிறுத்தி வேலை வாங்கினர். அவர்கள் அதன் அழகை அறியாதவர் அல்லர். பயனையும் அழகையும் வெவ்வேறாகப் பிரித்து வைக்கும் வசதி அந்நிலத்தில் இருக்கவில்லை என்பதே பொருந்தும்.

கதியால் ஊன்றும் முறை

கதியால் ஊன்றுதல் எளிய செயலாகத் தோன்றினும் அனுபவ அறிவை வேண்டி நிற்பது. இளங்கொப்பு விரைவில் வாடிவிடும். மிக முற்றியது வேர்விடத் தாமதிக்கும். ஆதலின் மணிக்கட்டுப் பருமனுள்ள, நேரான, முற்றிய கொப்பைத் தெரிந்து, ஆளுயரமளவில் வெட்டுவர். பட்டை பிளவுபடாதிருக்கக் கூரிய கத்தியால் ஒரே வீச்சில் அடிப்பகுதியைச் சரிவாகச் சீவுதல் முக்கியம். இலைகளைக் களைந்து, வெட்டிய தடியைச் சில நாள் நிழலில் வைத்து, பின்னர் அலவாங்கினால் குழியிட்டு ஓரடி ஆழத்தில் நிறுத்தி மண்ணை இறுக மிதிப்பர். நுனி உலர்ந்து போகாதிருக்கச் சாணியை உருட்டி அப்புவதும் உண்டு. மாரி தொடங்கும் ஐப்பசியே இதற்கு உகந்த காலம். மழையில் வேர்விட்ட கதியால் தையில் துளிர்த்து, அடுத்த வரட்சிக்கு முன் ஆழ வேர்கொள்ளும்.

இம்முறையில் வளரும் மரம் விதையிலிருந்து தோன்றும் புதிய உயிரன்று. தாய்மரத்தின் உடலே வேறிடத்தில் தொடர்வது என்பது இன்றைய உயிரியல் தரும் விளக்கம். பெற்றோரின் வளவு பெண்மக்களுக்குச் சீதனமாகப் பிரிக்கப்படுகையில், புதிய எல்லைக்கு வேண்டிய கதியால் பழைய வேலியிலேயே வெட்டப்பட்டது. ஏடுகள் சிதைவதற்கு முன் புதிய ஏட்டில் படியெடுத்துப் பேணிய மரபுக்கு இது ஒப்பானது. இன்று ஒரு வளவில் நிற்கும் பூவரசின் மூலம், அவ்வளவுக்குரிய உறுதியினும் பழமையானதாக இருத்தல் கூடும்.

பயனும் பகையும்

வேலியின் பயன் எல்லை காட்டுவதோடு முடிவதில்லை. வெட்டப்பட்ட குழை ஆட்டுக்கு உணவாயிற்று. எஞ்சியது தோட்டத்தில் தாழ்க்கப்பட்டுப் பசளையாயிற்று. ஒல்லாந்தர் காலம் தொட்டுத் திருவிதாங்கூருக்கு ஏற்றுமதியாகிக் குடாநாட்டுக்குப் பெருவருவாய் ஈட்டித்தந்த புகையிலைச் செய்கை, இத்தகைய குழைப் பசளையிலும் ஆட்டெருவிலும் மாட்டெருவிலும் தங்கியிருந்தது. வேலியில் ஓராண்டு கட்டியிருந்து மக்கிய ஓலையும் ஈற்றில் தோட்ட மண்ணையே சேர்ந்தது. பூவரசின் வைரமான பலகை வண்டிச் சில்லுக்கும் தளபாடங்களுக்கும் பயன்பட்டது. சிறுவருக்கு அதன் இலை ஊதுகுழலாயிற்று.

பகையும் இல்லாமலில்லை. மாரி காலத்தில் பூவரசை மொய்க்கும் மயிர்க்கொட்டிகளின் தொல்லையை அறியாதார் குடாநாட்டில் இலர். 1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த சேர் எமேர்சன் தெனன்ற், இலங்கையின் இயற்கை வரலாறு பற்றி 1861இல் வெளியிட்ட நூலில் இம்மரத்தை நாடும் மயிர்க்கொட்டிகளைப் பற்றிக் குறிப்பிட்டுள்ளார். நகரங்களிலாயின் இத்தொல்லை மரத்தையே தறித்துவிடக் காரணமாகும். கிராமத்திலோ ஆண்டுதோறும் கொப்பு வெட்டும் வழக்கமே அதற்குப் பரிகாரமாக அமைந்தது.

சட்டமும் சமூகமும்

1707இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமை, காணி விற்கப்படுகையில் அதனை முதலில் வாங்கும் உரிமையை உரித்தாளருக்கும் பங்காளருக்கும் மட்டுமன்றி, அக்காணியை ஈடாகப் பெற்று வைத்திருக்கும் அயற்காணிக்காரருக்கும் வழங்கியது. வேலிக்கு அப்பால் இருப்பவன் அந்நியன் அல்லன் என்னும் கருத்து இதன் அடிப்படையில் தொனிக்கின்றது. வேலிக்கு நடுவே பெண்கள் போய்வர விடப்பட்ட பொட்டு இக்கருத்தின் நடைமுறை வடிவமாகும். நெருப்பும் உப்பும் செய்தியும் அவ்வழியே சென்றன. உறவு முறிந்ததற்கு முதல் அடையாளம் பொட்டு அடைபடுவதே.

மறுபுறம், பிணக்குகளின் களமும் வேலியே. பதினாறு பரப்புக் கொண்ட ஒரு ஏக்கர் தலைமுறை தலைமுறையாகப் பிரிந்து ஓரிரு பரப்பாகச் சுருங்குகையில், ஒரு சாண் நிலமும் பெறுமதி பெறுகின்றது. பழைய கதியால் பட்டுப்போனால் புதியதைச் சற்று அப்பால் ஊன்றுதல் எளிது. வேலி வழக்குகளால் காணியின் பெறுமதியையே செலவிட்ட குடும்பங்கள் பல. உயிர்வேலி வாழ்வை இனிமையாக மட்டும் காட்டியதெனக் கொள்வது வரலாற்றுக்குப் பொருந்தாது. சாதி, குடி என்னும் வேறுபாடுகளையும் அதே வேலிதான் காத்து நின்றது.

எனினும் கதியாலுக்கு மங்கலப் பொருளும் உண்டு. திருமணத்துக்கு முன் நிகழும் கன்னிக்கால் ஊன்றுஞ் சடங்கில் முள்முருக்கந் தடியொன்று நாட்டப்படுகின்றது. அது துளிர்த்தல் நற்குறியெனக் கொள்ளப்படும். புதிய குடி தோன்றுவதையும் புதிய கதியால் வேர்விடுவதையும் மக்கள் ஒன்றாகவே கருதினர்.

மாற்றமும் இழப்பும்

மயிலிட்டிக்கு அண்மையில் உள்ள காங்கேசன்துறையில் சீமெந்துத் தொழிற்சாலை 1950இல் உற்பத்தியைத் தொடங்கியது. பூவரசு வேர்விட்ட அதே சுண்ணக்கல் அங்கு சீமெந்தாயிற்று. வசதி படைத்தோர் கதியாலைப் பிடுங்கி மதில் எழுப்பலாயினர். மதிலுக்கு ஆண்டுதோறும் வேலையில்லை; ஆனால் அது குழை தருவதில்லை; அதிலே பொட்டும் இல்லை.

இம்மாற்றம் மெல்ல நிகழ்ந்துகொண்டிருக்கையிலேயே பேரிடர் வந்தது. 1990 யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டபோது, மயிலிட்டி உள்ளிட்ட வலிகாமம் வடக்கு மக்கள் தம் ஊர்களை விட்டு வெளியேறினர். அப்பகுதி உயர்பாதுகாப்பு வலயத்துள் அடங்கியது. இடம்பெயர்ந்தோர் பலர் நலன்புரி நிலையங்களிலும் பிறர் காணிகளிலும் ஆண்டுகள் பலவற்றைக் கழித்தனர். பிறர் நிலத்தில் குடிசை அமைக்கலாம். கதியால் ஊன்றுதல் எங்ஙனம்? அது, இங்கு நிலைத்திருப்பேன் என்னும் உரிமைக் கூற்றன்றோ?

2017 யூலை 3ஆம் நாள், இருபத்தேழு ஆண்டுகளின் பின், மயிலிட்டித் துறைமுகமும் அதனைச் சூழ்ந்த நிலமும் மக்களிடம் கையளிக்கப்பட்டன. ஏனைய பகுதிகளுட் சில பின்னர் படிப்படியாகவே விடுவிக்கப்பட்டன. திரும்பியோர் பலர் வீடுகளையும் எல்லைகளையும் காணாது திகைத்தனர். வெட்டுவாரில்லாத கதியால் இருபத்தேழு மாரிகளில் பெருமரமாகிவிடும்; ஓலை கட்டிய வேலி பற்றைக் காடாகிவிடும். எனினும் அம்மரம் நின்ற இடத்தில் எல்லையின் நினைவேனும் நின்றது. அதுவும் அழிக்கப்பட்ட இடத்தில் உறுதியும் நில அளவையாளரின் சங்கிலியுமே துணையாயின.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகும். மதில், அதனை எழுப்பியவன் அகன்ற பின்னரும் எல்லையாகவே நிற்கும். உயிர்வேலி அத்தகையதன்று. ஆண்டுதோறும் ஒரு கை வெட்டுதலையும் ஒரு கை கட்டுதலையும் அது வேண்டி நிற்கின்றது. அதன் வலிமை குறைந்தமையால் அன்று, மனிதர் உடனிருத்தலை அது வேண்டியமையாலேயே இடப்பெயர்வு அதனை முதலில் தாக்கியது. ஆயின் மீட்சிக்கான வழியும் அதனிடமே உள்ளது. நீரும் பணமும் அருகிய நிலத்தில், முற்றிய கொப்பொன்றும் ஐப்பசி மழையும் இருந்தால் வேலி மீண்டும் உண்டாகும். வேலியாயிருந்து காடாகிய பூவரசே புதிய வேலிக்குக் கதியால் தரவல்லது. ஆண்டில்லாத பழைய மரத்திலிருந்து தடி வெட்டி, தன் எல்லையில் ஊன்றி, அது துளிர்க்கும் வரை காத்திருப்பவனே மீளக் குடியேறியவன் எனப்படத் தக்கான்.